கேப்டன் தாய்மாமன்

1

பதினோரு வருடமாக, வாரத்தில் ஐந்து நாள், ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போய்த் திரும்பி வருகிறேன். நியூசிலாந்து என்றால் முக்கியமாக இரண்டு பெரிய தீவுகள். நான் குடியிருக்கிற வெலிங்டன், வடக்குத் தீவின் கால்மாட்டில் இருக்கிறது. தெற்குத் தீவின் தலைமாட்டில் பிக்டன் என்று ஒரு சின்னத் துறைமுகம். நடுவில் மூன்றரை மணி நேரக் கடல். லாரி, கார், சில நாள் ஆட்டு மந்தை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய கப்பல் எங்களுடையது.

பிக்டனில் ஒரு ரயில் நிற்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல் என்று வேடிக்கை காட்டிக்கொண்டே தெற்கே போகிற ரயில். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து அதில் ஏறுகிறார்கள். பதினோரு வருடமாக நான் கப்பல் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேனே தவிர, ஒரு நாள்கூட ஏறினதில்லை. அந்த நேரத்தில் என் முன்னால் நானூறு தட்டு கழுவக் கிடக்கும்.

ஆமாம், தட்டுதான். இதோ எழுதிவிட்டேன். எழுதுவது சுலபம். வாயால் சொல்லத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அந்த வெட்கக்கேட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

2

எனக்கு ஊர் மரக்காணம். உப்பளத்துக் குடும்பம். வெளியூர்க்காரர்கள் கடற்கரை ஊர் என்றதும் படகு ஓட்டுவீர்களா என்று கேட்பார்கள். படகெல்லாம் பக்கத்து மீனவர் ஊரான எக்கியார்குப்பத்துக்காரர்கள் சமாச்சாரம். அவர்கள் கடலுக்குள் போவார்கள். நாங்கள் கடல்தண்ணியைப் பாத்தியில் கட்டிக் காயவைத்துச் சுரண்டுகிறவர்கள். என் குடும்பத்தில் எனக்கு முன்னால் ஒருத்தரும் தோணியில்கூடக் கால் வைத்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவன் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? என் மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் வந்தேன். முதலில் ஓட்டல்களில் காய் நறுக்கினேன். பிறகு கப்பல் சமையற்கூடத்தில் இடம் கிடைத்தது. தட்டு கழுவுவது, தட்டு எடுப்பது, மேசை துடைப்பது. போனில் அக்காவிடம் "கப்பல்ல வேலை கெடச்சிருக்குதுக்கா" என்றேன். அது சத்தியமான வார்த்தை. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

கெட்டதெல்லாம் ஒரு போட்டோவால். ஒரு நாள் ஊழியர் குடும்பங்களைக் கப்பலுக்குக் கூப்பிட்டு எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டினார்கள். கப்பலை ஓட்டுகிற அறையில் ஒரு அதிகாரி விளையாட்டாகத் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். என் மகள் ஹரிணிக்கு அப்போது ஆறு வயது. அவள்தான் என் போனில் அதைப் படம் எடுத்தாள். நான் அதை அக்காவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் இதை வைத்துத்தான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அஞ்சு வருடத்துக்கு முன்னால் அக்காவின் பெரிய மகளுக்குக் கல்யாணம். மூன்று வார லீவில் ஊருக்குப் போனேன். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே இருபது அடிக்கு நான் நிற்கிறேன். ஃப்ளெக்ஸ் பேனர். தலையில் அந்தத் தொப்பி, பின்னால் ஒரு கப்பல், அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் எம்பிக் குதிக்கிற இரண்டு டால்ஃபின். 'கடல் கடந்து புகழ் நாட்டிய எங்கள் கேப்டன் தாய்மாமன் ஏழுமலை அவர்களே வருக வருக.'

என் கூடப் படித்த தணிகாசலம் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான். "ஏம்பா, கப்பல் ஓட்டறப்ப தூக்கம் வந்தா இன்னா பண்ணுவ?"

சொல்லியிருக்கலாம். அக்கா பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆட்டோமேட்டிக் இருக்குதுப்பா" என்றேன். அன்றைக்குத்தான் முதல் பொய்யை வாய் திறந்து சொன்னேன். மாலை கழுத்தில் இருந்தது, கழற்றி வீசிவிட்டு ஓடலாம்போல இருந்தது.

3

அக்கா பெயர் அஞ்சலை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மாவும் அவளும் தலையில் உப்புக்கூடை சுமந்துதான் நான் படித்தேன். இன்றைக்கும் உப்பளத்துக்குத்தான் போகிறாள். "இங்க வந்துட்டுப் போக்கா" என்று பேச்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். போன வருடம் திடீரென்று "வர்றேன்டா, உன் கப்பலப் பாக்கணும்" என்றுவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் பாஸ்போர்ட் வேண்டும். விரல் ரேகை எடுக்கிற மெஷினில் அக்காவின் விரல் பதியவே இல்லை. வருடக்கணக்காக உப்புத்தண்ணியில் ஊறின கை. ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வாங்க, எண்ணெய் போட்டுக்கொண்டு வாங்க என்று நாலு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நான் நான்தான்னு நிரூபிக்க என் கையே சாட்சி சொல்ல மாட்டேங்குதுடா" என்று போனில் சிரித்தாள். ஐந்தாம் தரம் இடது கைச் சுண்டுவிரலில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருந்து வேலை முடிந்தது.

விசா ஃபாரத்தை நான் உட்கார்ந்து நிரப்பினேன். என்ன தொழில், யார் முதலாளி, திரும்பி ஊருக்குப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வரிசையாகக் கேள்வி. கடைசிக் கேள்வியை அக்காவிடமே கேட்டேன். "தை பொறந்தா பாத்தி மிதிக்கணும், உப்பு வாரணும். இங்க உக்காந்துக்கினு யாருடா வாருவாங்க? அப்பிடியே எழுது" என்றாள். அப்படியே எழுதினேன். விசா வந்துவிட்டது.

ஊரில் மழை பிடித்துக்கொண்டால் உப்பளமெல்லாம் வெள்ளத்தில் கிடக்கும், வேலை இருக்காது. அந்த ஐப்பசிக் கடைசியில் வந்து இறங்கினாள். இங்கே அது வெயில் தொடங்குகிற காலம். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். "எப்பிட்றா உன் கப்பல் ஏறப் போறோம்?"

நான் ஒரு திட்டம் போட்டேன். என் லீவு நாளில் போவது. என் மேற்பார்வையாளர் மெரே, இந்த நாட்டுப் பூர்வகுடியான மாவோரிப் பெண். அவளுக்கும் லீவான நாளாகப் பார்ப்பது. சாப்பாட்டுப் பக்கமே போகாமல் முன்பக்கக் கூடத்தில் உட்கார்ந்துகொள்வது. இன்றைக்கு ஓட்டுவது வேறு கேப்டன் என்று சொல்லிவிடுவது. பிக்டனில் இறங்கினதும் அந்த ரயிலில் ஏற்றிவிட்டால் அக்கா கப்பலையே மறந்துவிடுவாள். சுமதிக்கு ஷிஃப்ட். ஹரிணியைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

ஹரிணிக்கு இப்போது பதினான்கு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் தோளைக் குலுக்கிக்கொண்டு. அக்கா வந்த மூன்று வாரத்தில் இவள் அவளிடம் பேசினது பத்து வார்த்தை தேறாது. அன்றைக்கு மட்டும் தமிழில் சொன்னாள். எனக்கு நன்றாகப் புரிய வேண்டுமே.

"வர்றேன்ப்பா. ஆனா அத்தை என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

4

கப்பல் கிளம்பும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அக்கா புடவைக்கு மேல் சுமதியின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்தாள். "எம்மாம் பெரிசுடா! நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டே உள்ள வெச்சிடலாம்போல." நான் குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மெரே எதிரே வந்து நிற்கிறாள்! யாரோ கேட்டார்கள் என்று ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாளாம். இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லை, ஆள் போதவில்லை, நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டாள். இன்று லீவு, அக்காவை அழைத்து வந்திருக்கிறேன் என்றேன். அவள் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

"யார்றா அந்தம்மா?"

"கூட வேலை செய்றவங்கக்கா."

"உன் கீழ வேலை செய்றாங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஹரிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு தீவுக்கும் நடுவில் இருக்கிற ஜலசந்தி பொல்லாதது. அங்கே போனதும் கப்பல் எழும்பி எழும்பி விழ ஆரம்பித்தது. கோப்பைகள் உருண்டன. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து மூன்று பேர். மெரே ஒற்றை ஆளாக ஒரு வாளியும் துணியுமாக இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, தலையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சாய்ந்து கிடந்தார். நான் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கடலைவிட என் கால்தான் என்னை அதிகம் படுத்தியது. எழுந்து ஓடு ஓடு என்று அது சொல்கிறது, உட்காருடா மானங்கெட்டவனே என்று நான் அதை அடக்குகிறேன்.

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரின உப்பு பாத்தி ஓரத்தில் குவியல் குவியலாகக் கிடக்கும்போது மேகம் ஏறிவிட்டால், எல்லாரும் ஓலையையும் தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். யாருடைய அளம், யார் கூலிக்காரன், யார் முதலாளி என்று பார்க்கக் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி உப்பாக இருந்தாலும் மூடிவிட்டுத்தான் மறுபடி சண்டை. கல்யாண வீட்டிலிருந்து பட்டுப்புடவையோடு ஓடினவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கும் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஜாக்கெட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"டேய், மேகம் ஏறிக்கினு இருக்குது, நீ இன்னாடா மாப்பிள்ள மாதிரி உக்காந்துக்கினு இருக்கிற?"

"அக்கா, நீ உக்காரு. அது அவங்க வேலை."

"யார் அளமா இருந்தா இன்னாடா?" என்று எழுந்தேவிட்டாள். ஆடுகிற தரையில் நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பாட்டியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, எடுத்துடு" என்று தமிழிலேயே முதுகைத் தடவினாள்.

அதற்கு மேல் நான் உட்கார்ந்திருந்தால் மனுஷனே இல்லை. எழுந்தேன். எழுந்த பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. ஊழியர்கள் மட்டும் என்று எழுதின கதவின் பூட்டு நம்பரைப் பார்க்காமலே அழுத்தியது. கையுறை எந்த அலமாரி, ஈரத்தை உறிஞ்சுகிற தூள் எந்த டப்பா, காகிதப் பைகள் எங்கே என்று அதற்கே தெரியும். மெரே என் ஏப்ரனை எடுத்து வீசினாள். பிடித்து ஒரே சுற்றில் கட்டிக்கொண்டு முட்டி போட்டுத் தரையைத் துடைத்தேன். ஹரிணி கேட்காமலே பைகளை எடுத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். சமையற்கூடத்திலிருந்து என் பெயரைச் சொல்லி யாரோ நன்றி சொன்னார்கள்.

நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். மறுபடி பாட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மலைகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல அடங்கிக் கிடக்கிற இடத்துக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. அந்தப் பாட்டி அக்காவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அப்போதும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

5

ரயிலில் ஏறினோம். பதினோரு வருடமாகப் பார்த்து ஏங்கின ரயில். பெரிய பெரிய ஜன்னல், மெத்தை சீட்டு, வெளியே திராட்சைத் தோட்டம் தோட்டமாக ஓடுகிறது. எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டிவிட்டால்கூடப் பரவாயில்லை. பேசாமல் இருந்தால் நான் என்னதான் செய்வது?

முக்கால் மணி நேரம் போயிருக்கும். ஹரிணிதான் முதலில் பார்த்தாள்.

"அத்தை! சால்ட்! அங்க பாரு, உப்பு!"

ஏரி என்றுதான் பெயர். ஆனால் வரப்பு போட்டுப் பாத்தி பாத்தியாகத் தடுத்திருந்தார்கள். தண்ணீர் லேசான ரோஜா நிறம். தள்ளி, ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று உப்பு மலை. எங்கள் ஊரைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினதுபோல இருந்தது. இத்தனை வருடம் நான் தட்டு கழுவின துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே உப்பளம் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது.

அக்கா எழுந்துவிட்டாள். அவள் உப்பைப் பார்க்கவில்லை. உப்புக்கு மேலே பார்த்தாள். மலை முகட்டில் கறுத்த மேகம் ஒன்று திரண்டு வந்துகொண்டிருந்தது.

"டேய்! மூடலியே! மேகத்தப் பாரு! ஆளுங்கல்லாம் எங்கடா போயிட்டாங்க? அய்யய்யோ, அத்தினி உப்பும் போயிடுமே!"

கண்ணாடியைத் தட்டினாள். "நிறுத்தச் சொல்லுடா வண்டிய!" என்றாள். பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எனக்கும் ஒரு கணம் உடம்பு பதறியதுதான் உண்மை.

ஹரிணி அவசரமாகப் போனில் எதையோ தேடிப் படித்தாள். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அத்தை, இங்க மூட மாட்டாங்க. மழை வந்தா மேல மட்டும் கரையும். அப்புறம் காயும். காஞ்சி... தோல் மாதிரி ஆயிடும். கெட்டித் தோல். உள்ள இருக்கிற உப்புக்கு ஒண்ணும் ஆகாது."

"தோல் மாதிரியா?"

"ஆமா. அவ்ளோ பெரிசா குவிச்சி வெச்சிருக்காங்க, அதனால."

"அப்ப யாருமே ஓட வேணாமா?"

"வேணாம் அத்தை."

அக்கா மறுபடி வெளியே பார்த்தாள். "ஓடவே வேணாமாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணி ஏன் ரோஜா நிறம், நம்ம ஊரிலும் வெயில் ஏறினால் பாத்தி சிவக்குமா, எத்தனை கூடை சுமப்பாய் என்று ஹரிணி கேட்டுக்கொண்டே போனாள். வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். மூன்று வாரத்து மௌனத்துக்கும் சேர்த்துப் பேசினார்கள்.

உப்பு மலை பின்னால் போகிறதே, ஒரு படம் எடுத்துவிடலாம் என்று என் போனை எடுத்தேன். கட்டை விரலை வைத்தேன். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். திறக்கவில்லை. வழக்கமாக நடப்பதுதான், நம்பரைப் போட ஆரம்பித்தேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கட்டை விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கட்டை விரலைப் பக்கத்தில் வைத்தாள்.

"ரேகையே இல்லியேடா."

"சுடுதண்ணி, சோப்பு, கெமிக்கல்..."

"எத்தினி வருஷமா?"

"பதினொண்ணு."

"கையுறை இல்லியா?"

"இருக்குது. வேகமா வேலை நடக்காதுன்னு போட மாட்டேன்."

"நானும் அப்பிடித்தான்" என்றாள். கொஞ்ச நேரம் என் விரலை விடவே இல்லை. "நாலு தடவ பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து திரும்பி வந்து உங்கிட்டதான போன்ல சொல்லிச் சிரிச்சேன். அன்னிக்காச்சும் எனக்கும் இப்பிடித்தான்க்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? தட்டு கழுவுறது எனக்கு ஒண்ணுமே இல்லடா. என்னாண்டயே மறைச்சிட்டியே."

நான் அழுதுவிட்டேன். நாற்பத்து நாலு வயசு ஆள், மகள் முன்னால், ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினதுபோல இருந்தது.

"ஊருக்குப் போயி இன்னாக்கா சொல்லுவ?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் தப்பு எதுவும் பண்ணல. நீ சொல்லு."

"எப்பிடிக்கா சொல்றது? டால்ஃபினெல்லாம் போட்டு வெச்சிட்டிங்களே!"

அதற்கு ஹரிணி சிரித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். திரும்பி வரும்போது ஒரே ஒரு படம் வேண்டும் என்றாள் அக்கா. தொப்பி வேண்டாம், ஏப்ரனோடு, நிஜமாக நான் நிற்கிற இடத்தில். மெரேயிடம் அனுமதி கேட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் தொப்பியோடு எடுத்த அதே ஹரிணி, இப்போது தட்டு அடுக்குக்குப் பின்னால் என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். "அப்பா, சிரி" என்றாள்.

6

அக்கா மார்கழிக் கடைசியில் ஊருக்குப் போனாள். தை பிறந்தது. அவள் பாத்திக்குப் போனாள், நான் தட்டுக்குப் போனேன். ஹரிணி இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு வீடியோவில் பேசுகிறாள். அவள் தமிழில் பாதி கையசைப்புதான், ஆனாலும் பேசுகிறாள். எனக்கு மட்டும் இன்னும் இங்கிலீஷில்தான் பதில்.

ஒரு மாதத்துக்கு முன்னால் அக்காவின் சின்ன மகளுக்கு நிச்சயதார்த்தம். வைகாசியில் கல்யாணம், அதற்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நிச்சயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அன்றைக்கு இங்கே சாயங்காலம், வேலை முடித்துக் கப்பலை விட்டு இறங்குகிறேன், போனில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்து விழுந்தது.

அதே மெயின் ரோடு. அதே இருபது அடி ஃப்ளெக்ஸ். கப்பல் இருக்கிறது. டால்ஃபின்கூட இருக்கிறது, அதை அந்தக் கடைக்காரன் விடமாட்டான்போல. நடுவில் நான். இடுப்பில் ஏப்ரன், சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டிருக்கிறேன், முன்னால் என் மார் உயரத்துக்குத் தட்டுகள். கேப்டன் என்கிற வார்த்தை இல்லை. 'எங்கள் தாய்மாமன் ஏழுமலை' என்று மட்டும், முன்னைவிடப் பெரிய எழுத்தில்.

பார்த்துக்கொண்டே இருக்கும்போது போன் அடித்தது. தணிகாசலம். பின்னால் மைக் செட்டில் பாட்டு அலறியது.

"ஏம்பா கேப்டன், இன்னாப்பா இது? கப்பல்ல எதனா பிரச்சினையா? பதவி கிதவி எறக்கிட்டாங்களா?"

துறைமுகத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோமேட்டிக் என்றதுபோல இப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"எறக்கலப்பா. எப்பவுமே இதான் என் வேலை. கப்பல்ல தட்டு கழுவுறேன். பதினோரு வருஷமா."



"அப்ப ஓட்டறது யாருப்பா?"

"அது வேற ஒருத்தர்."

"அவருக்குத் தூக்கம் வந்தா?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. நான் கீழ தட்டு கழுவிக்கினு இருப்பேன்."

தணிகாசலம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் பாட்டுக்கும் நடுவே, போனுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"சொல்லிட்டானா?"